ஸ்டிக்கர் உரிக்காத கிளாஸ்

 

அக்கரைப்பற்றில் பஸ்ஸை விட்டு இறங்கி சாகாம வீதியால் வர ஓர் ஓட்டோ பிடித்தேன். "என்ன விசேஷம் சேர்?" என்று கேட்டார் ஓட்டோக்காரர். வைன் கிளாஸைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது, நான்தான் பேசப் போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சாகாமத்திலயா? ஆக்கள் கேக்க வருவாங்களா, அடிக்க வருவாங்களா?" என்றார். நீங்கள் கதிரை போட்டு அமைதியாக இருப்பதைப் பார்த்தால் முதலாவதுதான் என்று நம்புகிறேன். குளத்துக் காற்றும் வருகிறது. ஆகவே பயமில்லாமல் தொடங்குகிறேன்.

நான் வைன் குடித்தவன் அல்ல. வைன் கிளாஸ் கழுவியவன். வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் பதினொரு வருஷம் வேலை செய்தேன். முதல் ஐந்து வருஷம் கிளாஸ் கழுவி, துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து அடுக்குவதுதான் வேலை. அந்தச் சம்பளத்தைப் பற்றி ஒரு மௌலவியிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஆறாம் வருஷம் தேநீர்ப் பகுதிக்கு மாற்றிக்கொண்டு போனேன். அந்தக் கணக்கு எனக்கும் படைத்தவனுக்கும் இடையில் இருக்கட்டும். கை கற்றது மட்டும் கையிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

குடிக்காத ஊரில் இந்தப் பேச்சு எதற்கு? உங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியை நினைத்துப் பாருங்கள். எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குரியது. முஸ்லிம் குடும்பமோ தமிழ்க் குடும்பமோ, மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் வழக்கம். வீட்டோடு அலுமாரியும் வரும். அலுமாரிக்குள் சவூதியிலிருந்தும் கட்டாரிலிருந்தும் வந்த டின்னர் செட், டீ செட், கடைசிவரை வாடாத பிளாஸ்டிக் ரோசாப்பூ. நடுத்தட்டில், எல்லாருடைய கண்ணும் படுகிற இடத்தில், காம்பு வைத்த ஆறு கிளாஸ். அகலமான கிண்ணம், சின்ன வாய், மெல்லிய காம்பு. அது சிவப்பு வைன் கிளாஸ். வாங்கிய மகனுக்கும் தெரியாது, வைத்த தாய்க்கும் தெரியாது. பார்க்க அழகாக இருந்தது, வாங்கினார்கள். கிண்ணத்தில் ஒட்டிய பொன்னிற ஸ்டிக்கரை இன்றுவரை உரிக்கவில்லை. விலை கூடியது என்பதற்குச் சாட்சி அந்த ஸ்டிக்கர்தானே.

நானும் அப்படித்தான் வாங்கினேன். முதல் லீவில் வரும்போது நிந்தவூரில் இருக்கிற ராத்தாவுக்கு ஆறு கிளாஸும் மூடியோடு ஒரு பெரிய போத்தலும் கொண்ட செட். போர்வைக்குள் சுற்றி, மடியில் வைத்தபடி விமானத்தில் வந்தேன். பிறகு அந்தப் போத்தலின் கதைக்கு வருகிறேன். அது எனக்கு வெட்கமான கதை.

முதலில் மனதில் கிடக்கிற கேள்வியை எடுத்துவிடுவோம். மதுவுக்கென்று செய்த பாத்திரம் வீட்டில் இருக்கலாமா? நான் ஆலிம் அல்ல. படித்தவர்கள் எழுதி வைத்ததில் இரண்டைச் சொல்கிறேன். அப்துல் கைஸ் கூட்டத்தார் வந்தபோது நபி (ஸல்) அவர்கள் நாலு வகைப் பாத்திரங்களைத் தடுத்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. சுரைக்குடுவை, பச்சை மெருகிட்ட சாடி, குடைந்த ஈச்ச மரக் கட்டை, கீல் பூசிய பாத்திரம். இவற்றில் ஊறவைத்த பழச்சாறு ஆளுக்குத் தெரியாமலே புளித்து மதுவாகிவிடும். பிற்காலத்தில் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. பாத்திரம் ஒன்றை ஹலாலாகவோ ஹராமாகவோ ஆக்குவதில்லை, போதை தருவதுதான் ஹராம் என்ற கருத்தோடு முஸ்லிம் என்ற ஹதீஸ் கிரந்தத்தில் அறிவிப்பு உண்டு. இது கிளாஸுக்கு ஆறுதலான செய்தி.

மற்றது அவ்வளவு ஆறுதல் தராது. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யா என்ற நூலில் இசை கேட்பதைப் பற்றிப் பேசுகிற இடத்தில் ஓர் உதாரணம் சொல்கிறார். ஒரு கூட்டம் சேர்ந்து, சபையை அலங்கரித்து, மதுக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஊற்றிக்கொடுக்க ஒருவனை நிறுத்தி, ஆனால் கிண்ணத்தில் தேனும் வினாகிரியும் கலந்த வெறும் சர்பத்தை ஊற்றிக் குடித்தாலும் கூடாது என்கிறார். பானம் ஆகுமானது, கோலம் ஆகாதது. கலியாண வீட்டில் வைன் கிளாஸில் நெக்டோ ஊற்றி, "சியர்ஸ்" சொல்லி ஃபோட்டோ எடுக்கிற தம்பிமார் இங்கே இரண்டு பேராவது இருப்பீர்கள். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே உங்களைப் பார்த்துவிட்டுத்தான் அந்த மனிதர் எழுதியிருக்கிறார்.

அடுத்த வரிசையில் இருக்கிற கிறிஸ்தவ சகோதரர்களுக்கும் ஒரு சேதி. திருப்பலியில் வைன் உண்டு, ஆனால் அதற்குக் கண்ணாடிக் கிண்ணம் கூடாது. எளிதில் உடையும் பாத்திரங்களைப் பயன்படுத்தக் கூடாதென்று உரோமாபுரி 2004ஆம் ஆண்டு அறிவுறுத்தலில் சொல்லியிருக்கிறது. கண்ணாடி உடையும் என்பதில் எல்லா மதமும் ஒற்றுமை.

இனி இந்தக் 'கிரிஸ்டல்' என்ற சொல். தமிழில் பளிங்கு என்கிறோம். பளிங்கோடு நமக்கு இரண்டு பெண்களின் கதை இருக்கிறது. குர்ஆனில் ஸபா நாட்டு அரசி, நாம் பில்கீஸ் என்று சொல்கிறவர், சுலைமான் நபியின் மாளிகையில் பளிங்குத் தளத்தைத் தண்ணீர் என்று நினைத்து உடையைத் தூக்கிக்கொள்கிறார். நம் தமிழில் மணிமேகலை, தன்னைத் தேடி வந்த இளவரசன் உதயகுமரனுக்கு ஒளிந்து பளிக்கறைக்குள் போகிறாள். ஒளிய இடமில்லாதவள் ஒளிந்த இடம் ஒளிவு மறைவே இல்லாத அறை. இரண்டு கதையிலும் கண்ணை ஏமாற்றுவது பளிங்கின் தெளிவு.

அந்தத் தெளிவை மனிதன் உலையில் செய்ய வெகுகாலம் எடுத்தது. மணலை உருக்கினால் அதிலுள்ள இரும்பினால் பச்சை வந்துவிடும். பதினைந்தாம் நூற்றாண்டில் வெனிஸுக்குப் பக்கத்து முரானோத் தீவில் நிறமில்லாத கண்ணாடி செய்து, பளிங்குபோல இருக்கிறதென்று அதற்குப் பளிங்கின் பெயரையே வைத்தார்கள். இங்கிலாந்தில் ஜோர்ஜ் ரேவன்ஸ்கிரொஃப்ட் என்பவர் 1674இல் ஒரு காப்புரிமை வாங்கினார். அவருடைய முதல் கண்ணாடிகள் சில மாதங்களில் வியர்த்து, உள்ளுக்குள் நுண்ணிய வெடிப்பு விழுந்து கெட்டுப்போயின. அதற்கு மருந்தாக ஈய ஒக்சைட்டைச் சேர்த்தார். வெடிப்பு நின்றது. கூடவே வேறொன்றும் நடந்தது. ஒளியை நன்றாக முறித்து வானவில் காட்டுகிற, பாரமான, தட்டினால் மணிபோல் ஒலிக்கிற, பட்டை தீட்ட இலகுவான கண்ணாடி பிறந்தது. நம் அலுமாரியில் மின்னுகிறது அந்த ஈயம்தான்.

விஞ்ஞானப் பாடம் படித்த பிள்ளைகள் கேட்பார்கள். பளிங்கு என்றால் அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்க வேண்டுமே, கண்ணாடியில் அந்த ஒழுங்கு இல்லையே என்று. சரிதான். கிரிஸ்டல் கிளாஸ் என்பது பெயரளவில்தான் கிரிஸ்டல். ஐரோப்பாவில் 1969இல் ஒரு சட்டம் போட்டு எதை அப்படி அழைக்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். ஈய ஒக்சைட் 30 வீதம் இருந்தால் முழு ஈயக் கிரிஸ்டல், 24 வீதம் இருந்தால் ஈயக் கிரிஸ்டல். ஈயமில்லாமல் நாகமும் பேரியமும் பொட்டாசியமும் சேர்த்தவற்றுக்கு வேறு பெயர். ராத்தாவின் கிளாஸில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 24 வீதம் என்று போட்டிருந்தது. நான் அதை விலைக்கழிவு என்று நினைத்தேன்.

சரி, வைன் கிளாஸுக்கு ஏன் அந்த உருவம்? வாசனைக்காக. சிவப்பு வைனைக் கிண்ணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஊற்றமாட்டார்கள். மீதி இடம் மணத்துக்கு. கிண்ணம் அகலமென்றால் காற்றுப் படும் பரப்பு கூடும், வாய் சிறுத்தால் மணம் ஓடிப்போகாது. காம்பு கைச்சூட்டைத் தள்ளி வைக்கிறது. ஒஸ்ரியாவின் கிளவுஸ் ரீடல் என்பவர் 1958இல் பர்கண்டி வைனுக்கென்று ஒரு கிளாஸ் செய்தார். ஒரு லீற்றருக்கு மேல் கொள்ளும், ஊற்றுவதோ ஒரு பிளேன்டீ அளவு. முதன்முதலில் அதைக் கழுவியபோது இது மீன் வளர்க்கிற தொட்டியாக்கும் என்று நினைத்தேன்.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது என்பது எனக்குத் தேநீர்ப் பகுதிக்குப் போன பிறகுதான் விளங்கியது. அரபிகள் சாயம் குடிக்கிற இஸ்திகானைப் பாருங்கள். துருக்கிக்காரனின் இடை சிறுத்த கிளாஸைப் பாருங்கள். கைபிடி இல்லை, ஆனால் விளிம்பைப் பிடித்தால் விரல் சுடாது. சின்னதாக இருப்பதால் ஆறுமுன் குடித்து முடியும், உடனே இன்னொன்று ஊற்றுவார்கள். கண்ணாடி என்பதால் சாயத்தின் நிறம் தெரியும். வைன்காரன் மணத்துக்கு உருவம் கண்டான், தேநீர்க்காரன் சூட்டுக்கும் நிறத்துக்கும் கண்டான். நம்முடைய தேநீர்க்கடைத் தடித்த கிளாஸும் இளக்காரமானதல்ல. நாளைக்கு இருநூறு தரம் கழுவி, மேசையில் டொக்கென்று வைத்துத் தாங்குகிறதே. நீங்கள் எதைக் குடிக்கிறீர்களோ அதற்கேற்ற கிளாஸை வாங்குங்கள் என்பதுதான் என் ஒரே கட்சி. தண்ணீருக்கும் சர்பத்துக்கும் காம்புக் கிளாஸ் ஆசை என்றால் வாய் அகன்ற, காம்பு குட்டையான, தடித்த பாதம் உள்ளதை வாங்குங்கள். பலூடாவுக்கு உயரமான கிளாஸ், கரண்டி அடிவரை போக வேண்டும். சிவப்பு வைன் கிளாஸுக்குள் பலூடாக் கரண்டியை விட்டுக் கசகசாவைத் தேடிப் பாருங்கள், அதன் சின்ன வாய் உங்களைப் பைத்தியமாக்கும்.

கடையில் எப்படிப் பார்ப்பது? முதலில் விளிம்பு. கீழுதட்டில் வைத்தது போல விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். மலிவான கிளாஸில் விளிம்பு கயிறுபோல உருண்டு தடித்திருக்கும். நல்லதில் அறுத்து மெருகிட்டு, கிண்ணத்தின் கனத்திலேயே முடியும். அடுத்தது காம்பு. நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள், கோடு தட்டினால் அச்சில் வார்த்தது. பிறகு கிளாஸைத் தட்டையான மேசையில் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, மெதுவாகச் சுழற்றுங்கள். ஆடுகிறதா, சாய்கிறதா தெரியும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். தட்டிச் சத்தம் கேட்பதை மட்டும் நம்பாதீர்கள். ஈயம் உள்ளது நீண்டு ஒலிக்கும் என்பது உண்மை. இப்போது ஈயமில்லாத நல்ல கிளாஸும் அப்படியே பாடுகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் ஈயமில்லாதது என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

ஏன் என்பதற்குத்தான் ராத்தாவின் போத்தல்.

நான் ஐந்தாம் வருஷ வேலையில் இருக்கும்போது ஒரு நாள் எங்கள் பகுதிப் பெரியவர், கோவாக்காரர், பழைய ஈயக் கிரிஸ்டல் போத்தல்களைக் காட்டி, இதில் இரவு எதையும் மிச்சம் வைக்காதே, அன்றைக்கே ஊற்றி அன்றைக்கே கழுவு என்றார். காரணம் கேட்டேன். புளிப்பான எதுவும் கண்ணாடியிலிருந்து ஈயத்தை மெல்ல மெல்லக் கரைத்து எடுக்கும் என்றார். பிறகு தேடிப் படித்தேன். கொலம்பியாப் பல்கலைக்கழகத்து கிராசியானோ, புளூம் என்ற இருவர் 1991இல் லான்செட் சஞ்சிகையில் எழுதியிருந்தார்கள். கிரிஸ்டல் போத்தலில் நாலு மாதம் வைத்த போர்ட் வைனில் ஈயம் பல மடங்கு ஏறியிருந்தது. கிளாஸில் ஊற்றி உடனே குடித்தால் அவ்வளவு இறங்க நேரமில்லை, நாட்கணக்கில் வைத்தால்தான் வில்லங்கம்.

அன்று இரவு ராத்தாவுக்கு ஃபோன் எடுத்தேன். அலுமாரிப் போத்தலில் ஏதும் ஊற்றி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "ஓம் தம்பி, நோம்புக்கு லைம் சர்பத் காய்ச்சி அதிலதான் ஊத்தி வெச்சிருக்கன். நீ வாங்கித் தந்த போத்தல் சும்மாதானே கிடக்கு எண்டு. மூணு கிழமையா புள்ளையள் ஒவ்வொரு நாளும் அதிலதான் குடிக்குதுகள்" என்றார். எலுமிச்சம் புளி, ஈயப் போத்தல், மூன்று வாரம், சின்னப் பிள்ளைகள். கொட்டி விடுங்கள் என்றேன். "எல்லாத்தையுமா? அஞ்சு கிலோ சீனி" என்றார். எல்லாத்தையும் என்றேன். பிள்ளைகளின் உடம்பில் ஈயம் சேர்வது பெரியவர்களுக்குச் சேர்வதைவிடக் கெடுதி, மூளை வளர்கிற வயது. அல்லாஹ்வின் உதவியால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் போத்தல் இப்போது வெறும் போத்தலாக அலுமாரியில் நிற்கிறது. ராத்தா இன்றைக்கும் அந்தச் சீனியின் கணக்கை என்னிடம் கேட்பார்.

ஆகவே ஸ்டிக்கரில் ஈயம் என்றோ 24 என்றோ 30 என்றோ கண்டால், அந்தக் கிளாஸில் எப்போதாவது தண்ணீர் குடிப்பதைப் பற்றிப் பதற வேண்டாம். புளி, எலுமிச்சை, வினாகிரி, அச்சாறு, பழச்சாறு எதையும் அதில் வைத்து மூடாதீர்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது வேண்டாம். ஸ்டிக்கர் இல்லாத பழைய பாரமான போத்தலென்றால் ஈயமென்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

கழுவுவதற்கு வருகிறேன். இது என் நாடு, கொஞ்சம் நின்று பேசுவேன்.

கல் தொட்டியில் கழுவாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் பழைய துவாயை விரித்து, கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. ஒரு நேரத்தில் ஒரு கிளாஸ்தான் பேசினுக்குள் இருக்க வேண்டும். இரண்டைப் போட்டால் ஒன்றோடொன்று பேசும், அந்தப் பேச்சு நல்லதாக முடியாது. மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், ஈயக் கண்ணாடி மென்மையானது, கீறல் விழும். வளையலும் அப்படித்தான். கொதிநீரை எடுத்த எடுப்பில் ஊற்றாதீர்கள். உள்பக்கம் விரிய வெளிப்பக்கம் விரியாமல் நிற்கும், இடையில் வெடிக்கும். தடித்த பட்டை தீட்டிய கிளாஸ்தான் மெல்லியதைவிட முதலில் வெடிக்கும் என்பது பலருக்கு ஆச்சரியம்.

எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் கேத்தலில் வெள்ளை படிகிறதல்லவா, அது கிளாஸிலும் படியும். வினாகிரியில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். போனால் அது தண்ணீரின் சுண்ணாம்பு. போகவில்லையென்றால் கண்ணாடியே அரிபட்டுவிட்டது, மெஷினில் சூட்டோடும் காரத்தோடும் பல தரம் கழுவியதால் வருவது, அதற்கு மருந்து இல்லை. கை நுழையாத போத்தலுக்குள் கறை என்றால் ஒரு பிடி பச்சரிசியும் கொஞ்சம் வினாகிரியும் போட்டுச் சுழற்றுங்கள். அம்பாறை மாவட்டத்தில் அரிசிக்கா பஞ்சம்?

துடைப்பதுதான் ஆபத்தான இடம். எங்கள் ஹோட்டலில் கீழே விழுந்து உடைந்ததைவிடக் கையில் துடைக்கும்போது உடைந்தது கூட. காரணம் ஒன்றேதான். இடது கையால் பாதத்தைப் பிடித்து, வலது கையால் கிண்ணத்துக்குள் துணியைத் திருகுவார்கள். பாதம் ஒரு பக்கம், கிண்ணம் மறுபக்கம், நடுவில் காம்பு பாவம் என்ன செய்யும்? டக்கென்று முறியும், முறிந்த முனை நேரே உள்ளங்கையில் ஏறும். என் கையில் இந்தத் தழும்பு இரண்டாம் வாரத்து நினைவு. சரியான முறை இது: துணியின் ஒரு முனையால் கிண்ணத்தைத் தாங்குங்கள், மற்ற முனையைக் கிண்ணத்துக்குள் விட்டு இரண்டு விரலால் சுற்றுங்கள். கிண்ணத்தைத் துடைக்கும்போது கிண்ணத்தைப் பிடியுங்கள், பாதத்தைத் துடைக்கும்போது பாதத்தைப் பிடியுங்கள். திருகாதீர்கள்.

துணி எது? ஹோட்டலில் ஐரோப்பாவிலிருந்து வந்த லினன் துணி தந்தார்கள். நான் பெட்டியில் கொண்டுபோன மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்று நாலு வருஷம் கட்டி, துவைத்துத் துவைத்து மெலிந்து கிடந்தது. கிழித்து ஒரு நாள் துடைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூட ஒட்டவில்லை. கோவாக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த லீவில் பழைய சாரன் ஆறு கொண்டுபோனேன். புதுத் துணி வேண்டாம், கஞ்சி இருக்கும். துணிக்கு வாசனைத் திரவம் போட்டுத் துவைக்காதீர்கள், கிளாஸில் அந்த வாசனை ஏறும்.

அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள். தூசுக்குப் பயந்து கவிழ்த்தால் கிளாஸின் மிக மெல்லிய இடமான விளிம்பு பாரத்தைச் சுமக்கும், உள்ளே காற்று அடைந்து பழைய அலுமாரி வாடையும் பிடிக்கும். ஒன்றுக்குள் ஒன்று போட்டு இறுகிவிட்டால் இழுக்காதீர்கள், உள்கிளாஸில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி வெளிக்கிளாஸை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வையுங்கள், தானாக விடும்.

ஸ்டிக்கரை உரிக்க நகத்தால் சுரண்டாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவி ஒரு இரவு விட்டால் பசை இளகி வந்துவிடும். உரிக்கு முன் அதில் என்ன எழுதியிருக்கிறதென்று ஒரு தரம் வாசியுங்கள். இன்றிரவே வாசியுங்கள், பிள்ளைகளுக்கு அதில் எதையாவது ஊற்றிக் கொடுக்கிற வீடாக இருந்தால் நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

வெளியே பிளேன்டீ ஊற்றி வைத்திருக்கிறார்கள். சாதாரணக் கிளாஸில்தான். எனக்கு இமாம் கஸ்ஸாலியின் பயம் இருக்கிறது.